வாய் மூடிய ஒரே படம்

மாதேஷ் இறந்த செய்தி வந்தபோது நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பணி ஓய்வு விழாவுக்குப் படம் எடுக்க வரச்சொல்லி மூன்று முறை போன் செய்தும் எடுக்கவில்லை. நான்காவது முறை அவன் மச்சான் எடுத்தார். "மாமா காலையில போய்ட்டாருங்க. நெஞ்சு வலிக்குதுன்னாரு, அவ்ளோதான்."

குருபரப்பள்ளியில் ஸ்டூடியோ வைத்திருந்த அவனை உங்களுக்கெல்லாம் கல்யாணப் படக்காரனாகத் தெரியும். தீயணைப்பு வண்டி ஓட்டும் எனக்கோ அவன் தீராத தலைவலி. எங்கே தீப்பிடித்தாலும் பைக்கில் பின்னாலேயே வந்துவிடுவான். போஸ் கொடுத்தால் எடுக்க மாட்டான். "நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கங்கண்ணா" என்பான். எப்படி நினைப்பது? தண்ணீர்க் குழாய்மேல் ஏறி நின்றுகொண்டல்லவா சொல்வான்! "யோவ், கால எடுய்யா!" என்று நான் கத்துவதைக் கச்சிதமாகப் பிடித்துவிடுவான். அவன் எடுத்த என் படங்கள் எல்லாமே அப்படித்தான்.

வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாங்காய் மண்டி எரிந்ததைப் பலர் மறந்திருப்பீர்கள். அன்று காலைப் பயிற்சியில் காலியான தொட்டியை மறுபடி முழுதாக நிரப்பாமல் வண்டியை எடுத்துவிட்டேன். பாதித் தீயில் தண்ணீர் நின்றது. "ண்ணா, தண்ணி! தண்ணி!" என்று ஆட்கள் அலற, நான் தண்ணீர் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அந்த நொடியை மாதேஷ் எடுத்தான். அடுத்த வண்டி வருவதற்குள் மண்டி சாம்பல். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்ப் கோளாறு என்று எழுதிக்கொடுத்துத் தப்பித்தேன்.

மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். படத்தில் என் முகமும் பூஜ்யத்தில் நிற்கும் முள்ளும் பளிச்சென்று தெரிந்தன.

"வெளிய போச்சுன்னா என் வேலயே போயிரும். அழிச்சுடு."

"நீங்க வாய மூடிட்டு இருக்கற ஒரே படம் இதுதாண்ணா" என்றான், பாவி. கடைசியில், "சரி, அழிச்சுட்டேன், போங்க" என்றான்.

அதன்பின் எங்கே பார்த்தாலும், "தொட்டி ரொப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டு உயிரை வாங்குவான். அந்தக் கேள்விக்குப் பயந்தே தினமும் இரண்டு முறை தொட்டியைப் பார்த்தேன்.

காரியத்தன்று அவன் மனைவி ஓர் உறையைத் தந்தார். "உங்க கையிலதான் குடுக்கணும்னு சொல்லி வெச்சிருந்தாருண்ணா." அதே படம். பொய்யன்! யாரிடமும் காட்டவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அவன்மேல் வந்த கோபத்தில் அங்கேயே அழுதுவிட்டேன்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள், அது பம்ப் கோளாறு அல்ல, என் தவறு என்று அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்களோ, செய்யட்டும். படத்தைச் சட்டம் போட்டு, வண்டி நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் நானே மாட்டினேன். புதிய ஓட்டுநர் வந்து பார்த்தார்.

"யாருண்ணா இது, இப்படி முழிக்கறாரு?"

"நான்தான். நீ தொட்டி ரொப்பிட்டியா?"

மாதேஷ் எனக்கு விட்டுப்போனது இந்தக் கேள்விதான். இனி இதைக் கேட்டு நான் எல்லார் உயிரையும் வாங்குவேன்.