சௌமியாவின் அம்மா உட்கார வேண்டிய இடம்

மோகனப்பிரியா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்து இலைக்காரி ரசத்துக்குச் சோற்றில் குழி பண்ணிக்கொண்டே, "அந்த மோகனப்பிரியா பெத்த புள்ளைக்கு நாலு வயசாகியும் நடக்கலையாமா. வலிப்பு வேற. ரத்தம் கெட்ட வமுசம்" என்றாள். யார் மகள் என்று விசாரித்தேன். எங்கள் பரமத்தி வேலூர் குழந்தைவேலின் தங்கை பேத்தி. இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

நேரில் போய்ப் பார்த்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பருப்பு மண்டி. பின்னோக்கி வரும் லாரியை "வரட்டும், வரட்டும், போதும்" என்று கூப்பிட்டு, பலகையில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்துகிறவள் அவள்தான். புருஷன் வடக்கே லாரி ஓட்டப் போனால் மாதக் கணக்கு. மகள் சௌமியா குடோனுக்குள் மூட்டைகளின் நடுவே பாயில் கிடப்பாள். வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கிற மருந்து எந்நேரமும் தாயின் இடுப்பில் இருக்கும்.

குழந்தையை யாராவது சற்றுக் கூடுதலாகப் பார்த்தால் போதும், கேட்கும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"நரம்பு நுனியில பொடிப் பொடிப் பையிருக்குதுங்க. உள்ளாற, அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ற மருந்து. பை நரம்பு ஓரத்துல ஒட்டி வாயைத் தொறந்தாத்தானுங்க அது கொட்டும். ஒட்டித் தொறக்க வெக்கறது ஒரு புரதம். எம்பட புள்ளைக்கு அது பாதிதான் ஊறுது."

கேட்பவர் விழித்தால் லாரியைக் காட்டுவாள். "வண்டி வாசல்ல நிக்குது. பின்கதவுக்கு ரெண்டு கொண்டி. கழட்ட ரெண்டாள் வேணும், ஒராள்தான் வந்துருக்கறான். அதுக்குன்னு சரக்கைக் குத்தஞ் சொல்லலாங்களா?"

பெற்றவர்கள் இருவர் ரத்தத்தையும் சோதித்தாயிற்று. இருவரிடமும் அந்தக் கோளாறு இல்லை. கருவில் புதிதாக நேர்ந்த மாற்றம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கே விளங்கியது. படித்த சொந்தக்காரர்களுக்கு விளங்கவில்லை. "குழந்தைவேலுக்கு வலிப்பு இருந்துச்சே" என்கிறார்கள். அவனுக்கு எப்போது வந்தது? கரும்பு லோடு மேலிருந்து விழுந்து மண்டை பிளந்த பிறகு. இருபத்தாறு வயது வரை ஆளுக்கு ஒரு தலைவலி கிடையாது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிப்போய் அவன் தலைக்குத் துணி சுற்றியவள் நான். அந்தப் பக்கம் நாலு தலைமுறையும் எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கு உண்டா? அடிபட்டதையும் ரத்தத்தில் சேர்த்துவிடுவார்களா?

தை மாதம் அவள் தம்பி சிவபிரகாஷுக்குப் பரமத்தி வேலூரில் கல்யாணம். இணைச்சீருக்கு மாப்பிள்ளை பக்கத்தில் உடன்பிறந்தவள் உட்கார வேண்டும். சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். அதுதான் எங்கள் பக்கத்து முறை. ஒரே அக்கா இவள். பட்டுக் கட்டி வந்து நின்றவளைப் பெரியப்பா காளியண்ணன் தடுத்தார்.

"நீ இரு சாமி. தனப்பிரியா உக்காரட்டும்."

தனப்பிரியா சித்தப்பா மகள்.

"ஏனுங்க பெரீப்பா, நான் செத்தா போயிட்டேன்?"

"கொறையுள்ள புள்ளையப் பெத்தவ உக்காந்தா, நாளைக்கு இவனுக்கு என்ன பொறக்குமோன்னு பொண்ணூட்டுக்காரங்க பயப்படறாங்க."

டாக்டர் சீட்டை நீட்டினாள். அவர் கையால் ஒதுக்கினார். நான் எழுந்து குழந்தைவேல் கதையைச் சொன்னேன். மேளம் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். அவள் தம்பியைத்தான் பார்த்தாள். அவன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "அக்கா, சபையில எதுக்கு, அப்பறம் பேசிக்கலாம்" என்றான். இவன் பள்ளிக்கூடம் போகத் தன் படிப்பை நிறுத்தியவள் அவள். சேலையின் முனை தனப்பிரியா கைக்குப் போனது. மோகனப்பிரியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கை நனைக்காமல் பஸ் ஏறினாள்.

போன வாரம் சிவபிரகாஷ் பெண்டாட்டியோடு, பழத்தட்டோடு அவள் வீட்டுக்கு வந்திருந்தான். நானும் அங்கிருந்தேன். "வா கண்ணு" என்று வந்த பெண்ணின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டாள். இன்னொரு நாற்காலி சுவரோரம் மடக்கிக் கிடந்தது. அதை அவள் தொடவில்லை. காபி ஆறும் வரை அவன் நின்றுகொண்டே இருந்தான்.

புருஷன் லாரியில் போயிருக்கும் மாதங்களில், அயோத்தியாப்பட்டணத்தில் ஆத்தூர் ரோட்டை ஒட்டிய அந்த வாடகை வீட்டில் அவளும் சௌமியாவும்தான் இருக்கிறார்கள்.