அறுபதைத் தாண்டாத மழை

அலுவலகத்தில் அவருக்கு மேகக்காரர் என்று பெயர். வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடலில் மேகமும் மழையும் வரும் பகுதிக்குப் பதினாறு வருடமாக அவர்தான் நிரல் எழுதினார். புகழ் என்னவோ சூப்பர் கம்ப்யூட்டருக்குத்தான். பார்க்க வருகிற பெரிய மனிதர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மேகக்காரரைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்வார்கள்.

முன்பெல்லாம் மாடல் வானத்தை இருபத்தைந்து கிலோமீட்டர் கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடும். அதை ஒரு கிலோமீட்டராகச் சுருக்கியதும் தலைவலி ஆரம்பித்தது. சின்னக் கட்டத்துக்குள் மழை கண்மண் தெரியாமல் எகிறும், கணக்கு பாதியில் படுத்துவிடும். படுத்தால் மறுபடி சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் கிடைக்க மூன்று வாரம் தவம் கிடக்க வேண்டும். பொறுத்துப் பார்த்தவர் ஒருநாள் ஒரே ஒரு வரி சேர்த்தார்: எந்தக் கட்டத்திலும் மணிக்கு அறுபது மில்லிமீட்டருக்கு மேல் மழை போகக் கூடாது. பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பும் எழுதினார். மாடல் சமர்த்தாக ஓடியது.

“அந்த வரியை எடுத்துடலாமா சார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

“ஓடுற மாடல்ல ஏன்யா கை வைக்கிற? புது மாடலோட திறப்பு விழா முடியட்டும்” என்றார் இயக்குநர்.

விழா முடிந்தது, விருது வந்தது, வரி அப்படியே இருந்தது. மேகக்காரருக்கும் அது மறந்தே போனது.

அவருடைய தங்கை கால்வாய் ஓரத்தில், தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்தாள். ஆறு மெஷின், அவள் பிழைப்பே அதுதான். வானம் கறுத்த ஒரு மத்தியானம் போன் செய்தாள். “அண்ணா, மெஷினெல்லாம் மாடிக்கு ஏத்திடவா?”

அவர் திரையைப் பார்த்தார். அவள் பகுதியில் நாற்பது கட்டம், நாற்பதிலும் அச்சடித்தாற்போல் அறுபது. வானம் அப்படி ஒரே எண்ணைத் தராது என்று நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். இவருக்கோ, படம் இவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறதே என்று பெருமை.

“மணிக்கு அறுபதுதாம்மா. கால்வாய் தாங்கும். வீணா இடுப்பை ஒடிச்சுக்காதே.”

நூற்று முப்பது பெய்தது.

மூன்றாம் நாள் அவர் போனபோது தங்கை மெஷின்களிலிருந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஆறும் பழுதாகிப் போயிருந்தன. “வந்துட்டாரு விஞ்ஞானி” என்று முணுமுணுத்தார் அவள் கணவர்.

தங்கை சீறினாள். “எங்கண்ணனை ஏன் சொல்றீங்க? கம்ப்யூட்டர் சொன்னதைத்தானே சொன்னாரு? இல்லையாண்ணா?”

மறந்திருந்த அந்த அறுபது மில்லிமீட்டர் வரி அவர் தொண்டை வரைக்கும் வந்தது. “ஆமாம்மா” என்றார்.

“அப்புறம் என்ன, விடுண்ணா” என்று, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்து அவருக்குப் போட்டாள். மனுஷர் அதில் உட்கார்ந்தும் விட்டார்.