சாமியறை 2

எங்கள் வீட்டில் ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பதற்குப் போன பிறவியில் தவம் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை போலிருக்கிறது.

முன்பு குசினியில் அடுப்புக்குப் பக்கத்து யன்னலோரம் ஒரு சின்ன வானொலிப் பெட்டி இருந்தது. குமிழைத் திருகினால் பாடும், மறுபக்கம் திருகினால் வாயை மூடும். ஒரு பாட்டுப் பெட்டியிடம் அதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை. டென்மார்க்கில் இன்னோர் ஊரான ரண்டர்ஸில் இருக்கும் மகனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் கணினி வேலை செய்பவன். ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா விடமாட்டான். ஒரு சனிக்கிழமை நான்கு ஸ்பீக்கர்களோடு எங்கள் ஊர் பிராண்டேக்கு வந்து இறங்கினான். குசினிக்கு ஒன்று, ஹோலுக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, சாமியறைக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் என் கைபேசியில் அந்தந்த அறையின் பெயரையே தமிழில் எழுதிக் கொடுத்தான்.

"அம்மா, இனி நீங்கள் எந்த அறையிலை நிண்டாலும் பாட்டு உங்களோடை வரும்."

பாட்டு எதற்கு என்னோடு வர வேண்டும்? முதியோர் இல்லத்தில் பகல் முழுக்க ஒவ்வோர் அறையிலிருந்தும் மணியடித்து என்னைக் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஓரிடத்தில் நின்று வெங்காயம் வெட்ட வேண்டும், அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதை அவனிடம் சொன்னேன். அவன் ஏதோ ஒரு படத்தைக் காட்டி, "இதை அமத்துங்கோ" என்றான்.

பாட்டுச் செயலி மகளின் பெயரில் இருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒன்று போதாதா, ஆளுக்கொன்று எதற்கு என்று என் கணவர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பின் பலனை அனுபவித்தவள் நான். ஒரு கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பாட்டுக் கேட்கலாமாம். நான் குசினியில் ஒரு பாட்டைப் போட்டு, அது சூடு பிடித்து, பாடகி மேலே போகும் நேரம் பார்த்து இவர் குளியலறையில் வேறொன்றைப் போடுவார். என் பாட்டு அந்தரத்தில் செத்துவிடும். இவரோ முகத்தைக் கழுவிவிட்டுத் தன் பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் காரைக் கழுவப் போய்விடுவார். ஆளில்லாத குளியலறைக்கு அது பாடிக்கொண்டிருக்கும். காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்து செய்து இவருக்குச் சத்தத்தின் அளவும் தெரியாமல் போய்விட்டது. இவர் ஒரு பாட்டைப் போட்டால் அடுத்த வீட்டு டேனிஷ்காரர் தன் யன்னலைச் சாத்துவார். சிரித்துக்கொண்டுதான் சாத்துவார், ஆனாலும் சாத்துவார்.

இதற்கிடையில் மகள் பொறியியல் படிக்கக் கோப்பன்ஹேகன் போனாள். போகும்போது சாமியறை ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

"சாமிக்கு இவ்வளவு நல்ல ஸ்பீக்கர் தேவையில்லை, அம்மா."

பிள்ளை தனியாக இருக்கப் போகிறாள், பாட்டாவது துணைக்கு இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அதன் பிறகு சாமிக்குக் கைபேசியிலேயே தேவாரம் போட்டேன். தகரத்துக்குள்ளிருந்து பாடுவது போல இருக்கும். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு என் பாட்டுகளுக்கு இன்னும் கெட்ட காலம் வந்தது. அவள் காலையில் மெட்ரோவில் ஏறினால் என் பாட்டு நிற்கும். மாலையில் சைக்கிளில் ஏறினால் நிற்கும். நான் திரும்பப் போட்டால் அவளுடையது நிற்கும். உடனே அவள் திரும்பப் போடுவாள். நாட்டின் இரண்டு மூலைகளில் நின்றுகொண்டு தாயும் மகளும் ஒருவர் பாட்டின் கழுத்தை மற்றவர் நெரித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அவள் படிப்பை விட்டாள். பாதியில் விட்டுவிட்டு, அங்கேயே ஒரு சைக்கிள் திருத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதை எங்களுக்குச் சொன்னதும் எல்லாம் முடிந்த பிறகுதான். இவர் பிராண்டேயில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுவதற்கும் மகள் பொறியியலாளராக வரப் போகிறாள் என்று சொல்லி வைத்திருந்தவர். போனில் அவளிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்.

"படிப்பை முடிக்கும் வரைக்கும் நீ எனக்குப் போன் எடுக்கத் தேவையில்லை."

அவள் இவருடைய மகள் அல்லவா? எடுக்கவில்லை. இவருக்கு மட்டுமல்ல, எனக்கும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் அடித்து அடித்து ஓயும். செய்தி அனுப்பினால் பெருவிரலை உயர்த்திய படம் ஒன்று வரும். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் பெருவிரல், குளிருக்குக் காலில் போட நல்ல சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டாலும் பெருவிரல். நான் அவளை என்ன சொன்னேன்? ஒன்றுமே சொல்லவில்லை. ஒருவர் வாயை விட்டார், மற்றவர் வாயை மூடிக்கொண்டார், நடுவில் நின்று வெந்தவள் நான்.

அந்த நாட்களில் என் பாட்டு நின்றால் கோபம் வருவதற்கு முன் ஒரு நிம்மதி வரும். அவள் எழும்பிவிட்டாள், எங்கேயோ போகிறாள், காதில் பாட்டுப் போட்டிருக்கிறாள். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியா ஒரு தாய் அறிந்துகொள்ள வேண்டும்? அதை நினைக்கத்தான் கோபம் வரும்.

தீபாவளிக்கு வந்த மகன் சாமியறைக்குப் புது ஸ்பீக்கர் ஒன்று கொண்டுவந்து பூட்டினான். கைபேசியில் பார்த்தேன். 'சாமியறை 2' என்று இருந்தது.

"இதென்ன ரெண்டு?"

"பழைய பேர் இன்னும் கிடக்குதம்மா. அதுதான்."

"சாமிக்கு ஆரடா ரெண்டாம் நம்பர் குடுக்கிறது? மாத்து."

"பிறகு மாத்திறன்," என்றான். அவனுடைய 'பிறகு' எனக்குத் தெரியும். ஊருலகத்துக்கெல்லாம் கணினி திருத்துகிறவன், தாயின் வீட்டில் சாமிக்கு ஒரு எண்ணை அழிக்க நேரமில்லாமல் ரண்டர்ஸுக்குப் போய்விட்டான்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை விடிய முன் குளித்து, விளக்கேற்றி, கைபேசியை எடுத்தேன். 'சாமியறை', 'சாமியறை 2' என்று இரண்டும் வரிசையில் நின்றன. எனக்கு அந்த '2' போட்டதைத் தொட மனம் வரவில்லை. பிள்ளையாருக்கு முன்னால் நின்றுகொண்டு எப்படித் தொடுவது? எண் இல்லாததையே தொட்டேன். தேவாரம் ஓடுகிறது என்று திரையில் காட்டியது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. சத்தத்தைக் கூட்டினேன். இல்லை. இன்னும் கூட்டினேன். புது ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன், வயரை ஆட்டிப் பார்த்தேன், மகனைத் திட்டினேன். கடைசியில் சத்தத்தை உச்சிவரை இழுத்துவிட்டு, வருகிற நேரம் வரட்டும் என்று கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

கைபேசி அடித்தது. மகள்!

எடுத்தவுடன் டேனிஷில் கத்தினாள். நான் முதியோர் இல்லத்தில்கூடக் கேட்டிராத சொற்கள். பின்னணியில் எங்கள் ஓதுவார் கோப்பன்ஹேகன் அதிர அதிரப் பாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, எண் இல்லாத 'சாமியறை' அவள் கழற்றிக்கொண்டு போன ஸ்பீக்கர் என்று.

"அம்மா, நிப்பாட்டுங்கோ! கட்டடம் முழுக்க எழும்பிட்டுது!"

"பிள்ளை, நீயோ? சாப்பிடுறனியோ ஒழுங்கா?"

"அம்மா, முதல்லை நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். நிறுத்தினால் போனை வைத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. வைக்கவில்லை. இனி நித்திரை வரவா போகிறது என்று எரிந்து விழுந்துவிட்டு, கோப்பி போட்டபடியே கதைத்தாள். சைக்கிள் கடை முதலாளி நல்லவராம். கைக்கு உறை போட்டுத்தான் வேலை செய்கிறாளாம். அறை குளிர்தானாம், ஆனால் சமாளிக்கலாமாம். நான் கற்பூரம் அணைந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

இவர் குசினியில் கோப்பிக் கோப்பையோடு இருந்தார். நான் கதைத்து முடித்து வந்ததும் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"புது ஸ்பீக்கர் வேலை செய்யுதோ?"

"இல்லை. பழையதுதான் வேலை செய்யுது."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல!

அடுத்த வெள்ளிக்கிழமையும் எண் இல்லாததைத்தான் தொட்டேன். சாமிக்கு இரண்டாம் நம்பர் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. அதில் யாரும் குறை சொல்ல முடியாது. மகள் எடுத்தாள், கத்தினாள், பிறகு கதைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படித்தான். கத்துவது கொஞ்சம் குறைந்தது, கதைப்பது கொஞ்சம் கூடியது. ஆனால் தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டாள். நானாகத் தொடங்கினால், "வேலைக்கு நேரமாச்சு அம்மா," என்று முடித்துவிடுவாள். இவரோ வெள்ளிக்கிழமைகளில் மாத்திரம் வேலைக்குப் போகும்வரை குசினியை விட்டு அசையாமல் இருப்பார். சாமியறைக் கதவு குசினிக்கு நேரே இருக்கிறது. நான் கதவைச் சாத்தினால் எழும்பி வந்து, புகை அடைக்கும் என்று சொல்லித் திறந்துவிடுவார். இப்படி ஒரு மனிதரோடு என்ன செய்வது?

என் கெட்டித்தனத்தை ஒரு நாள் மகனிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா, அவள் அந்த ஸ்பீக்கரின்ரை வயரைக் கழட்டினால் விஷயம் முடிஞ்சுது. கணக்கும் அவளின்ரை பேரிலை. நினைச்சால் உங்களையே வெளியிலை தள்ளலாம். அவளுக்கு இதெல்லாம் ஒரு நிமிச வேலை."

"அப்ப ஏன் செய்யேல்லை?"

"அதை நீங்கள்தான் அவளைக் கேக்கோணும்."

நான் ஏன் கேட்க வேண்டும்? கேட்டு, அவளுக்கு ஞாபகம் வந்து கழற்றிவிட்டால்? நான் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டில் இவருக்குச் சொன்னேன். கறிச்சட்டியை மேசையில் இடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

"கேட்டனீங்களோ? வயரைக் கழட்டினால் முடிஞ்சுதாம். கழட்டாமல் வைச்சிருக்கிறாள். அவள் உங்கடை வீட்டுக் கதவைச் சாத்தேல்லை. சாத்தினது நீங்கள்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். வாயில் என்ன கொழுக்கட்டையோ! நான் எழும்பிப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாமிப் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் வாசலில் வந்து நின்றார். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்தது, என் கைபேசி கையில் இருந்தது.

"இஞ்சாரும், இதிலை எது அவளின்ரை?"

"ரெண்டு இல்லாதது."

கண்ணாடியை மூக்கில் இறக்கினார். நெடுநேரம் தேடினார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பிடித்தார். அமத்தினார். வழக்கம் போலச் சத்தத்தை உச்சியில் வைத்தார். பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்காத அந்தப் பாட்டுக்காக, சாமியறை நடுவில் கைபேசியைப் பிடித்தபடி நின்றார்.

அது அடித்தது. திடுக்கிட்டு என்னிடம் நீட்டினார். நான் ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீங்கள்தானே போட்டனீங்கள். நீங்களே கதையுங்கோ."

அவர் எதையோ அமத்த, மகளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையே இல்லை! சத்தத்தைக் குறையுங்கோ, ஆக்கள் வந்து நிக்கினம்!"

இவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பாதான்."

அவளுடைய அறையில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

"நீங்களோ போட்டனீங்கள்?"

"ஓம். கொஞ்சம் கூடிப் போச்சுது போல. பொறு பிள்ளை, குறைக்கிறன்." திரையில் விரலை வைத்து இங்கும் அங்கும் இழுத்தார். ஒரு இழவும் குறையவில்லை.

"வேண்டாம் அப்பா," என்றாள். "விடுங்கோ. இருக்கட்டும்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அழுகையும் கூடவே வந்தது. துடைத்த படத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். தீபாவளி முடிந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் விடிய முன் எழும்பி, தலை முழுகி, தேவாரம் போட்டு, அவள் வாயால் ஏச்சு வாங்கியவள் நான். எனக்கு ஒரு நாளாவது "இருக்கட்டும்" என்று சொன்னாளா?