பலாங்கொடை பஸ்ஸில் என் றப்பர் மரங்கள்

எழுதிப் பழக்கப்பட்டவள் இல்லை நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனதோடு சரி. எழுத்து கோணலாக வரும், சொன்னதையே திரும்பச் சொல்வேன், நடுவில் பாதி மறந்தும் போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. நினைத்தாலே இப்போதும் கை பரபரக்கிறது. நான் தனியாக பஸ் ஏறிப் பலாங்கொடைக்குப் போன கதை இது.

இதென்ன பெரிய கதை என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய கதைதான். அதற்கு முன் ஆறு வருஷம் நான் பஸ் படியில் கால் வைத்ததில்லை.

எங்களுடையது கரவனெல்லைக்கு மேலே இருக்கும் றப்பர் தோட்டம். எனக்கு மரப்பட்டையைக் கீறி றப்பர் பால் எடுக்கிற பால்வெட்டு வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள், சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நல்ல சனக்கூட்டம், நடுவில் மாட்டிக்கொண்டு நின்றேன். திடீரென்று நெஞ்சு தப்பு மேளம் அடிக்கிற மாதிரி அடிக்கத் தொடங்கியது. கை விறைத்தது, மூச்சு உள்ளே போகவில்லை. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். "நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டேன். அது யுத்தக் காலம், பஸ்ஸில் நாங்கள் தமிழில் மெதுவாகத்தான் பேசுவோம். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். யாரும் திட்டவில்லை, ஒரு சிங்கள அம்மா தண்ணீர்ப் போத்தலைக்கூட நீட்டினார். ஆனாலும் அத்தனை கண்கள்! நாலு பேர் முன்னால் என் பெயரைச் சொல்லவே கூசுகிறவள் நான். அன்றோடு பஸ்ஸை விட்டேன். கடைக்கு, கோயிலுக்கு, எங்கே போனாலும் நடைதான்.

எங்களுக்கு ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்தது பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். கல்யாணம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் நடந்ததால் நான் தப்பித்தேன். பிறகு இரண்டு வருஷம் அவள் வீட்டு வாசலைக்கூட நான் பார்க்கவில்லை. கால் வலி, ஆடு குட்டி போடப்போகிறது, மழை என்று ஏதாவது சொல்வேன். அவளே தீபாவளிக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அப்படி இருக்கும்போது மருமகனிடமிருந்து கடிதம் வந்தது. மகளுக்கு ஐந்து மாதம். பிரஷர் இருப்பதால் பஸ் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வர முடியாது, அத்தைதான் இங்கே வர வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே மகள் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: "அம்மா, நீங்கள் வந்துவிடுவீர்கள்தானே?"

அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேனோ. என் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம் என்றால், அவர் மலையில் தண்ணீர் ஓடும் கானில் விழுந்து கால் உடைந்து, மருந்துப் பத்துப் போட்டுப் படுத்திருந்தார். மகள் வலியில் கிடக்கும்போது பக்கத்தில் தாய் இல்லாமல் போவதா? நான்கு மாதம் இருந்தது. இந்தப் பயத்துக்கு மருந்து கேட்டு, நடந்தே கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அங்கே நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர் அம்மா, நாங்கள் நோனா என்போம். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். "தவஸகட்ட தே கீயக் பொனவாத அம்மே?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி குடிக்கிறேன் என்று. நான் விரல் விட்டு எண்ணினேன். எழும்பியதும் ஒன்று, காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பால் வெட்டும் மலைக்குக் கொண்டுபோகும் போத்தலில் மூன்று... ஒன்பதில் வந்து நின்றேன். நோனா எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"சாப்பாடு?"

"வெட்டுன பால எடை போட்டுக் குடுத்துட்டு வந்து, பகலைக்குத்தான் நோனா."

நெஞ்சு படபடக்கும்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டார். களைப்பு என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சாயம் கூட்டி ஒரு தேத்தண்ணி குடிப்பேன் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தார். வெறும் வயிற்றில் அத்தனை சாயம் போனால் நெஞ்சு ஆடாமல் என்ன செய்யும் என்றார். பிறகு, வேலை நேரத்தில் இந்தப் பயம் வருமா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் வந்ததில்லை.

"அங்க என்ன செய்றீங்கன்னு நல்லா பாருங்க. அதை பஸ்ஸுக்கும் கொண்டுபோங்க. இன்னைக்கு பஸ் நிக்கிற ஒரு ஹோல்ட் மட்டும் போய் இறங்குங்க, பிறகு ரெண்டு" என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

ஒன்பது தேத்தண்ணியை இரண்டாக்கினேன். மூன்று நாள் மண்டை பிளந்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். பெரட்டுக்குப் போகுமுன் ஒரு ரொட்டியாவது தின்றேன். என் வீட்டுக்காரருக்கு உடைந்த காலோடு வேறு வேலை இல்லை, என்னைக் கேலி செய்வதுதான் வேலை.

"நாடே நம்ம தேத்தண்ணியத்தான் குடிக்குது, தோட்டத்துக்காரி கொத்தமல்லி குடிக்கிறா. தொரைக்குத் தெரிஞ்சா சீட்டுக் கிழிச்சிருவாரு புள்ள!"

"இது றப்பர் தோட்டங்க. றப்பர் பாலையா குடிக்கச் சொல்றீங்க?"

இன்னொன்றும் செய்தேன். அந்தி நேரம் சமைக்கும்போது ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்பது எங்கள் வழக்கம். எங்கேயோ யாரோ செத்ததற்கு நான் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்த நேரத்துக்கு ஊசியைத் திருப்பிப் பாட்டு வைத்தேன்.

"செத்தவங்க கோவிச்சுக்கப் போறாங்க" என்றார் அவர்.

"அவங்களுக்கு இனிமே என்ன அவசரம்? நாளைக்குக் கேட்டுக்கலாம்."

நோனா சொன்னதை மறக்கவில்லை. மலையில் என்னை நானே கவனித்தேன். பால்வெட்டும்போது முதலில் பழைய வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போடுவோம். பிறகு கத்தியைப் பட்டையில் வைத்து, மேலேயிருந்து சரிவாக மெல்லிசாக இழுக்க வேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், கங்காணி கத்துவார். குறைந்தால் பால் வராது. அந்த இழுப்பில் என் மூச்சு மெதுவாக, கத்தியோடு சேர்ந்து வெளியே போய்க்கொண்டிருந்தது! இத்தனை வருஷம் வெட்டியிருக்கிறேன், அன்றுதான் கண்டேன். மரத்துக்கு ஒரு மூச்சு. என் பங்குக்கு இருநூற்று அறுபத்தெட்டு மரம், இருநூற்று அறுபத்தெட்டு நீள மூச்சு. பிறகு பயம் எப்படி வரும்? சந்தோஷத்தில் மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

ஒரு நாள் பஸ்ஸில் ஏறி, கண்ணை மூடி, மனதுக்குள் முதலாவது மரத்தில் கத்தியை வைத்தேன். மூன்றாவது மரத்தில் ஹோல்ட் வந்துவிட்டது. இறங்கினேன். நடந்தே வீட்டுக்குத் திரும்பினேன்! அடுத்த வாரம் இரண்டு ஹோல்ட். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராக்காரி, எனக்கு மதினி முறை, சும்மா இருப்பாளா?

"என்ன மதினி, பஸ்ஸுல ஏறி ஒடனே எறங்கி நடந்து வாறீங்களாம்? பஸ்ஸு சரியா ஓடுதான்னு பாக்கிற வேலையா?"

"ஆமா மதினி, சம்பளமும் குடுக்கிறாங்க."

கொண்டக்டர் பையனுக்கும் என்னைப் பழகிவிட்டது. "அதத் எக ஹோல்ட் எகத அம்மே?" என்பான். இன்றைக்கும் ஒரே ஹோல்ட்தானா என்று. நான்காவது மாதம் அவிசாவளை வரை போய், அங்கே ஸ்டாண்டில் ஒரு இஞ்சிச் சோடா குடித்துவிட்டுத் திரும்பினேன். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி அன்று லயத்துக்குள் நடந்தேன்.

பிறகு ஒரு பகல், பால் வாளியோடு போகும்போது கடைக்கார முஸ்லிம் நானா கூப்பிட்டார். "அம்மா, மருமகன் கடைக்குப் போன் எடுத்தாரு. நாளைக்குப் புள்ளய பலாங்கொட ஆஸ்பத்திரியில சேக்கிறாங்களாம். ஒங்கள வரச் சொன்னாரு."

விடிந்ததும் கிளம்பினேன். வீட்டுக்காரர் இன்னும் ஊன்ற முடியாத காலோடு கட்டிலில் இருந்தபடி, "போற வழியில எல்லா மரத்தையும் வெட்டிப்புடாத, வந்து வெட்டக் கொஞ்சம் மிச்சம் வை" என்றார். குரல் மட்டும் கேலியாக இல்லை.

அவிசாவளையில் பலாங்கொடை பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை, வளைந்த மரம், இடி விழுந்த மரம்... வெட்டிக்கொண்டே போனேன். இரத்தினபுரி வந்தபோது ஒரு பக்க மலை முடிந்திருந்தது. எனக்குள் அவ்வளவு குஷி! பஸ் புறப்பட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மழை பிடித்தது.

மழை என்றால் சும்மா மழையா. எல்லாரும் ஜன்னல்களைச் சாத்தினார்கள். புழுக்கம், ஈரச் சேலை வாடை. அடுத்த மரத்தில் கத்தியை வைத்தேன், கை ஓடவில்லை. மழையில் யார் பால் வெட்டுவார்கள்? பட்டை நனைந்தால் பால் வழிந்து வீணாகிவிடும். சின்ன வயதிலிருந்து பழகிய கை, மனதுக்குள்கூட வெட்டமாட்டேன் என்கிறது! நெஞ்சு பழையபடி தொடங்கியது. விரல் விறைத்தது. "நிப்பாட்டுங்க" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது. இங்கே இறங்கினால் திரும்ப ஏறமாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரியும். மகள் தனியாகக் கிடப்பாள்.

மழை வந்தால் மலையில் என்ன செய்வோம் என்று என்னையே கேட்டேன். மழைத்தண்ணி நிறையாமல் ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு வருவோம். அதுவும் வேலைதானே! மனதுக்குள் முதலாவது மரத்துக்குத் திரும்பி ஓடினேன். சிரட்டையை எடுத்தேன், மெதுவாக மூச்சை விட்டேன், கவிழ்த்தேன். அடுத்தது. அடுத்தது. வெளியே மழை கொட்டக் கொட்ட, உள்ளே நான் கவிழ்த்துக்கொண்டே போனேன். எந்த மரத்தில் நெஞ்சு அடங்கியது என்று தெரியாது. அடங்கிவிட்டது.

யாரோ தோளைத் தட்டினார்கள். கொண்டக்டர். "அம்மே, பலாங்கொட ஆவா! பஹின்னே நெத்த?" ஊர் வந்துவிட்டது, இறங்கவில்லையா என்கிறான்.

"இருங்க தம்பி, இன்னும் நாப்பது சிரட்டை இருக்கு!" என்று தமிழில், சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பஸ்ஸில் மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அவர்களைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இறங்கி, நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

மகள் வார்டில் கால் வீங்கிப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தாள்.

"அப்பா எங்கம்மா?"

"வீட்டுல. நான் தனியாத்தான் வந்தேன்."

"பொய் சொல்லாதீங்கம்மா."

பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். சிரட்டை கவிழ்த்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. சிரிப்புக்கு வந்ததா, வேறு எதற்காவதா என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலம் வலி எடுத்தது. என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா" என்றாள்.

"எனக்கு நாப்பது சிரட்டை பாக்கி கெடக்கு. அதை நீ கவுத்து விடேன்."

"நான் இப்ப கொழுந்து பறிக்கிறவம்மா" என்றாள், அந்த வலியிலும். ஆனால் எங்கள் றப்பர் மலையில் ஓடி வளர்ந்தவள்தானே. கண்ணை மூடினாள். ஒன்று, இரண்டு என்று மூச்சு நீளமாகப் போனது. பிறகு அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வாசலில் நின்று நானும் கூடவே எண்ணினேன். பேத்தியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, முதலில் கை நீட்டியவள் நான்தான்.

எனக்கு நினைவு முன்னைப்போல் இல்லை. மழை பிடித்தது வழியிலுள்ள பெல்மதுளைக்கு முன்னாலா, தாண்டியா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. பிள்ளை பிறக்கும்போது முப்பத்தொரு சிரட்டைதான் ஆகியிருந்தது என்கிறாள் மகள், முப்பத்தாறு என்று எனக்கு ஞாபகம். மரக் கணக்கும் இருநூற்று அறுபத்தெட்டோ எழுபதோ. அந்த மலையில் இப்போது பால் வெட்டுகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து ஒரு தரம் எண்ணிப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.