ஒத்தியா என்று கேட்டார்

அறுபதுகளின் நடுவில் மாதுங்காவில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்கு இருபத்தொரு வயது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வக்கீல் குஜராத்திக்காரர். தமிழ்க் கட்சிக்காரர்கள் வந்தால் நான்தான் அவருக்கு வாய். விரலுக்குக் கொடுத்த சம்பளத்திலேயே வாயையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். தோல் பட்டறையில் வேலை பார்த்த கணவர் இறந்து ஆறு மாதம். சால் என்கிற வரிசை அறைக் கட்டடம் ஒன்றில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை இப்போது இவர் பேரில் இருந்தது. ஊரில் மகளுக்குப் பேறுகாலம். ஒரு வருஷம் கூட இருந்துவிட்டுத் திரும்பி வந்து அந்த அறையிலேயே இட்லி வியாபாரம் செய்வதாகச் சொன்னார். அதுவரை அறையை எடுத்துக்கொள்ள ஓர் ஆளும் கூட வந்திருந்தான். வெள்ளைச் சட்டை, வாய் நிறைய பான்.

வக்கீல் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் அடித்தேன். அறையின் மேலுள்ள உரிமை முழுவதையும் நிரந்தரமாக விட்டுக்கொடுப்பதாக வாசகம். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இப்படி விட்டுக்கொடுப்பதற்குப் பம்பாயில் பகடி என்று பேர். அந்தப் பேர் காகிதத்தில் வராது, பேச்சில்தான் வரும்.

"பகடி மே தே ரஹீ ஹை, போல் தோ" என்றார் வக்கீல்.

"பகடிக்குக் குடுக்கறேள்" என்று நானும் ஒப்பித்தேன்.

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பகடியா? எங்க ஊர்ல பகடின்னா கேலி பண்றதுல்லா தாயி!"

நானும் சிரித்தேன். தமிழில் அதற்கு என்ன சொல்வது என்று தேடுவதற்குள் அவரே கேட்டார். "அப்பம் இது ஒத்திதான?"

அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மாதுங்கா, எங்கள் வீட்டில் யாருக்கும் நிலம் நீச்சு கிடையாது. ஒத்துக்கொள்வதைத்தான் அவர் ஊர்ப் பக்கம் அப்படிச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். "ஆமாம், ஒத்திதான்" என்றேன், பெரிய தமிழ்ப் பண்டிதை மாதிரி.

அவர் முகம் தெளிந்தது. "அப்பம் சரி. வந்து துட்டத் திருப்பிக் குடுத்தா வீட்ட விட்டுருவாகல்லா?"

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீடு திரும்பி வரும். அவருடைய ஒத்தி அது. வக்கீலிடம் குனிந்து ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னேன், அறை திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறார் என்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஹான் போல் தோ." ஆமாம் என்று சொல்லிவிடு. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் கையெழுத்து அவர் போட வேண்டியது. அதை அவர் ஞாபகப்படுத்தவில்லை. நானே ஞாபகப்படுத்திக்கொண்டேன்.

"ஆமாம்" என்றேன்.

அவருடைய இடது பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டியதும் நான்தான். காய்ப்பேறிய, சூடான விரல். ரேகை வைத்து முடித்ததும் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "வாரேன் தாயி" என்று படியிறங்கினார்.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி வந்தார். பணத்தை மடியில் கட்டியிருந்தார். பான்காரன் கதவைத் திறக்கவே இல்லையாம். வக்கீல் காகிதத்தை எடுத்து ரேகையைக் காட்டினார். அம்மாள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"நீங்கதான தாயி ஒத்தின்னு சொன்னிய. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டால்தான் சம்மதம். பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். எத்தனையோ வக்கீல் நோட்டீஸில் நானே அடித்தது. ஆனால் அதைச் சொல்ல சாட்சி வேண்டும். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் அவர் கேட்டதும் நான் சொன்னதும் புரிந்தவள் நான் ஒருத்திதான்.

"நான் டைப் மட்டும்தான் அடிச்சேன்" என்றேன்.

திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். "சரி தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு மடியை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கே போனார் என்று தெரியாது. தாராவிப் பக்கம் சுனாபட்டியில் இட்லி விற்கும் பெண்களை பஸ் ஜன்னல் வழியாகத் தேடியிருக்கிறேன். ஒருவேளை அவராக இருந்துவிட்டால் என்று பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருக்கிறேன். நிரந்தரமான அந்த வேலையில் பதினொரு வருஷம் இருந்தேன். இன்றைக்கும் யாராவது பெருவிரலால் தலையைக் கோதிக்கொண்டால் அங்கிருந்து எழுந்து போய்விடுகிறேன். வெட்கம்தான், வேறென்ன.

அந்தக் காகிதத்தின் கடைசி வரியை அவருக்கு நான் சொல்லவே இல்லை. அன்று மேஜை மேல் அது அவர் கண்ணெதிரில்தான் விரிந்து கிடந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருந்தால் அந்த நிமிஷமே என் பொய்யைப் பிடித்திருப்பார். மேற்கண்ட அனைத்தும் இவருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லப்பட்டன, இவர் நன்றாகப் புரிந்துகொண்டு சம்மதித்தார் என்று ஆங்கிலத்தில் இருக்கும். அதன் கீழே, எடுத்துச் சொன்னவர் என்ற இடத்தில், என் கையெழுத்து.