மினிட்ஸ் நோட்டோடு அலைந்த கதை

நிதிக் கம்பெனி இயக்குநர் என்றால் கோட்டும் டையும் போட்டவர் என்று நினைப்பீர்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் அவர் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். ஊரில் நல்ல பெயர் எடுத்தவரைப் பிடித்து இயக்குநர் ஆக்கினால், அவர் முகத்துக்காக சனங்கள் பணம் போடும். அப்பேர்ப்பட்டவர்களுக்கு ஒரு சங்கம், அதற்கு நான் செயலாளர். எந்தச் சங்கத்திலாவது செயலாளராக மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

வகுப்பு

'கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்' என்று பென்னாகரத்தில் ஒரு வகுப்பு வைத்தேன். சேலத்திலிருந்து வந்த ஆடிட்டர் விவரமான ஆள். வாசலில் வைத்த வருகைத் தாளின் தலையிலேயே 'எனக்கு மதியச் சாப்பாடு வேண்டாம்' என்று எழுதிவிட்டார். வந்தவர்கள் அத்தனை பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள். வகுப்பு முடிவில் அதை உரக்கப் படித்துக் காட்டினார். ஒருத்தருக்காவது உறைக்கணுமே! முன்வரிசைப் பெரியவர் கேட்டார்:

"அதெல்லாம் இருக்கட்டுங்க, பந்தி எப்பப் போடுவீங்க?"

நோட்டீஸ்

பாப்பிரெட்டிப்பட்டி சூசையண்ணன் மரவள்ளி விவசாயி. மாதாகோயில் தேரென்றால் வடத்தில் முதல் கை அவருடையது. அந்த நல்ல பெயருக்காகவே ஒரு கம்பெனி அவரை இயக்குநர் ஆக்கியது. நடத்தினவன் இழுத்து மூடிவிட்டு ஓடிவிட, போலீஸ் நோட்டீஸ் இவருக்கு வந்தது. ஜாமீன் எடுக்க வக்கீல் வேண்டும். உறுப்பினருக்குச் சங்கமே வக்கீல் வைக்கலாம், அதற்குத் தீர்மானம் போட்டால் போதும். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்:

"கம்பெனிக் கூட்டத்துக்கு ஒருநாளும் போனதில்லீங்க, மினிட்ஸ் நோட்டு வூட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டுக் குடுப்பேன்."

பைக்கில் நடந்த கூட்டம்

அவருக்காகச் சங்கக் கூட்டம் போட்டேன். தலைவர் வந்தார், நான் வந்தேன், மிக்சர் வந்தது. வழக்கம்போலத் தலைவரே தீர்மானத்தை மினிட்ஸ் நோட்டில் எழுதி நீட்டினார். நான் முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, வராத உறுப்பினர்களைத் தேடி நோட்டோடு பைக்கில் சித்தேரி மலைவரை ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள், கையெழுத்தும் கொடுத்தார்கள். படிக்க ஒருத்தர்கூடக் கண்ணாடி தேடவில்லை. பத்தாவதாக சூசையண்ணனே போட்டுவிட்டுக் கும்பிட்டார்:

"நீங்கெல்லாம் இருக்கறப்ப எனக்கென்னங்க பயம்?"

படித்த ஒரே ஆள்

மறுநாள் சூசையண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வக்கீலம்மாவிடம் நோட்டைக் கொடுத்தேன். வக்கீலம்மா நிதானமாக வாய்விட்டுப் படித்தார்: சங்கத்தின் நற்பெயர் கருதி திரு. சூசையை உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அடிப்பாவி விதியே! முதல் கையெழுத்து என்னுடையது, கடைசிக் கையெழுத்து சூசையண்ணனுடையது. இனி சங்கம் அவருக்கு வக்கீல் வைக்க வழியில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்:

"நீங்க படிச்சிருப்பீங்கன்னுதாங்க நான் படிக்கல."

கறவை மாட்டை விற்று ஜாமீன் எடுத்த சூசையண்ணன் இப்போது ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலையில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார். அந்த ஸ்டேஷன் நோட்டை மட்டும் யாரும் அவர் வூட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை.