கிராம சபையில் எங்கள் மைக்

போன வருடம் காந்தி ஜெயந்தி அன்று, ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊரில் கிராம சபை நடந்தது. பள்ளிக்கூடச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் பறக்கின்றன, வேகத்தடை போடுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா. அவருடைய மகளைத்தான் லாரி இடித்துக் கால் முறிந்திருந்தது. ஆனால் தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா பேசினால் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் கேட்கும். மேடை மைக்கோ மேடையை விட்டு இறங்கியதே இல்லை.

அதனால் எங்கள் மகளிர் குழு ஒயர் இல்லாத மைக்கும் ஸ்பீக்கரும் வாங்கியது. சார்ஜ் போட்டுக் கொண்டுவருவது என் பொறுப்பு. நான் ப்ளூடூத் ஸ்பீக்கர் கம்பெனியில் பேட்டரி பொருத்துகிறவள். வேறு யாரிடம் கொடுப்பார்கள்? முந்தின நாள் இரண்டையும் சார்ஜில் சொருகிவிட்டு, பெருமையாக ஷிப்டுக்குப் போய்விட்டேன்.

சபையில் அக்கா எழுந்து நின்றார். ஸ்பீக்கரில் விளக்கு எரிந்தது. மைக்கில் உயிரே இல்லை. அக்காவின் வாய் அசைந்ததுதான் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கலமா. அடுத்த தபா பேசிக்கலாம், உக்காரு," என்றார் ஊராட்சித் தலைவர்.

"இன்னாமே, பேட்டரி கம்பெனிக்காரின்னு உன்னாண்ட குடுத்தா இப்படிப் பண்ணிட்டியே," என்று பக்கத்தில் இருந்த குழுத் தலைவி என்னை இடித்தார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? அவமானத்தோடு மைக்கை வாங்கி அடி மூடியைத் திருகினேன். பேட்டரியின் முனையை மறைத்துக்கொண்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாள்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பெட்டியில் போகும்போது பேட்டரி தீர்ந்துவிடாமல் இருக்க அந்தத் தாளை வைப்பதுதான் லைனில் என் வேலை. உருவுவது வாங்குகிறவர் வேலை. இப்படி ஒரு சாமானை நான் வாங்கியதே இல்லையே, எப்படி ஞாபகம் வரும்? தாள் இருந்ததால் சார்ஜும் ஏறியிருக்காது. ஆனால் கம்பெனியிலிருந்து வரும்போதே பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். தாளை உருவி, மூடியைத் திருகி, பொத்தானை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது.

"என் பொண்ணு கால் ஒடிஞ்சி வூட்ல படுத்துக்கினு கீது. இன்னும் எத்தினி புள்ளைங்க படுக்கணும்?"

அக்காவின் குரல் ரோட்டோர டீக்கடை வரை கேட்டது. கிளாஸும் கையுமாக நின்றவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். தலைவரும் எழுந்து நின்றே கேட்டார். தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. எங்கள் குழு கைதட்டியதில் எனக்கு அழுகை வந்தது.

பொங்கலுக்குள் வேகத்தடை வந்துவிட்டது. கம்பெனி பஸ் அதில் ஏறி இறங்கும்போது தூக்கம் கலைந்தவர்கள் திட்டுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். பேச வேண்டியவர் கையில் மைக் போய்ச் சேர்ந்தால் கன்டெய்னர் லாரியும் மெதுவாகப் போகும் என்று கண்ணால் பார்த்தவள் நான்.